லினக்ஸ் கட்டளை வரி: அன்றாடப் பயனருக்கான குறிப்புகள்

கட்டளை வரி என்பது, சுட்டியால் படங்களைச் சொடுக்குவதற்குப் பதிலாகச் சொற்களைத் தட்டச்சிட்டுக் கணினியிடம் வேலை வாங்கும் முறை ஆகும். லினக்ஸ் முதலிய திறமூல இயக்குதளங்களில் ‘டெர்மினல்’ எனப்படும் முனையச் சாளரத்தில் இதைப் பயன்படுத்தலாம். இது நிரலாளர்களுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. பதினைந்து இருபது கட்டளைகள் தெரிந்தால் மாணவர், ஆசிரியர், அச்சகப் பணியாளர், கடைக் கணக்கர் என யாரும் இதனால் பயன்பெறலாம்.

கட்டளை வரிக்கு இரண்டு சிறப்புகள் உண்டு. ஒரு வேலையைச் செய்வதற்கு முன், ‘என்ன நடக்கப் போகிறது என்று காட்டு’ என்று கணினியிடம் கேட்கலாம். செய்து முடித்ததை ஒரு வரியாகக் குறிப்பேட்டில் எழுதி வைத்து, மறுமுறை அப்படியே செய்யலாம். இந்த இரண்டு பழக்கங்களையும் மையமாக வைத்தே கீழ்வரும் குறிப்புகள் தரப்படுகின்றன.

பின்னணி

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் இயக்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். அக்காலத்தில் திரை பரவலாக இல்லை. தந்தி அலுவலகத்தில் இருந்ததைப் போன்ற தட்டச்சுப் பொறி வழியாகவே பெரும்பாலும் கணினியுடன் பேசினார்கள். அப்பொறி மெதுவானது. அதனால் கட்டளைகளுக்கு இரண்டு மூன்று எழுத்துகளில் பெயர் வைத்தார்கள். 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். இவ்விரண்டும் சேர்ந்ததே இன்று நாம் லினக்ஸ் என்று அழைக்கும் இயக்குதளம். பழைய குறும்பெயர்கள் அதிலும் அப்படியே தொடர்கின்றன.

தமிழ்நாட்டில் பல வீடுகளுக்கு லினக்ஸ் வந்து சேர்ந்தது மடிக்கணினி வழியாக. அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அம்மடிக்கணினிகளில் விண்டோஸுடன் ‘பாஸ் லினக்ஸ்’ என்ற இயக்குதளமும் சேர்த்துத் தரப்பட்டது. டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ், சி-டாக் நிறுவனத்தின் தயாரிப்பு. 2018-இல் வந்த புதிய பாடத்திட்டத்தில், பதினொன்றாம் வகுப்புக் கணினி நூலில் விண்டோஸுடன் உபுண்டுவும் இடம்பெற்றது. அண்டை மாநிலமான கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி பல ஆண்டுகளாகவே கட்டற்ற மென்பொருளில் நடக்கிறது.

அந்தப் பழைய மடிக்கணினிகளில் பல இன்று பரண்மேல் கிடக்கின்றன. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாப்ட் அளித்த ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதன்பின் அவற்றுக்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. ஆனால் எடை குறைந்த ஒரு லினக்ஸ் வழங்கலை நிறுவினால், கணக்கெழுதவும் பாடம் தட்டச்சிடவும் நிரல் பழகவும் அதே கணினி போதுமானது. நினைவகம் குறைந்த கணினியில் சாளரங்களும் படங்களும் திணறும்போதும் கட்டளை வரி தடையின்றி இயங்கும். புதிய கணினி வாங்க இயலாத வீட்டு மாணவருக்கு இது சிறிய செய்தி அன்று.

எழுத்து முறை பற்றிய குறிப்பு

இக்கட்டுரையில் கட்டளைகள் ஒற்றை மேற்கோளுக்குள் தமிழில் ஒலிபெயர்த்துத் தரப்பட்டுள்ளன. ‘எல்எஸ்’ என்று இருந்தால், முனையத்தில் எல், எஸ் ஆகிய இரண்டு ஆங்கில எழுத்துகளையும் தட்டி, என்டர் விசையை அழுத்த வேண்டும். சொல்லாக உச்சரிக்கப்படும் கட்டளைக்கு, அது முதலில் வரும் இடத்தில் எழுத்துக்கூட்டல் தரப்பட்டுள்ளது. எல்லாமே ஆங்கிலச் சிறிய எழுத்துகள். லினக்ஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு. இடைவெளிக்கும் பொருள் உண்டு. கட்டளைக்குப் பின் வரும் ‘-எல்’ போன்ற சிறுகோட்டுடன் கூடிய எழுத்துகள், அக்கட்டளை எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் விருப்பக் குறிகள்.

உபுண்டு, லினக்ஸ் மின்ட் ஆகியவற்றில் கண்ட்ரோல், ஆல்ட், டி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் முனையம் திறக்கும். அதில் பயனர் பெயரும் கணினியின் பெயரும் தெரியும். இறுதியில் டாலர் குறி இருக்கும். டாலர் குறி இருந்தால் நீங்கள் சாதாரணப் பயனர். அந்த இடத்தில் # குறி இருந்தால் முழு அதிகாரம் பெற்ற நிர்வாகியாக இருக்கிறீர்கள். கட்டளை இடும் முன் இந்தக் குறியைப் பார்ப்பது முதல் பாடம்.

கட்டளைகளுக்கு முன் சில விசைகள்

கட்டளைகளை மனப்பாடம் செய்வதற்கு முன் கீழ்க்கண்ட விசைகளைப் பழகிக்கொண்டால் பாதி வேலை குறையும்.

• டேப் விசை: கோப்பின் பெயரில் முதல் ஓரிரு எழுத்துகளைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் மீதியைக் கணினியே நிரப்பும். நிரப்பவில்லை என்றால், அந்தப் பெயரில் எதுவும் இல்லை அல்லது ஒன்றுக்கு மேற்பட்டவை உள்ளன என்று பொருள். இரண்டாம் முறை அழுத்தினால் பொருந்தும் பெயர்கள் அனைத்தும் தெரியும். எழுத்துப் பிழையைத் தவிர்க்க இதைவிட எளிய வழி இல்லை.
• மேல் அம்புக்குறி: முன்பு கொடுத்த கட்டளைகள் ஒவ்வொன்றாகத் திரும்ப வரும்.
• கண்ட்ரோல் + ஆர்: பழைய கட்டளைகளில் தேடும். ஒரு பகுதியைத் தட்டினாலே முழு வரியும் கிடைக்கும்.
• கண்ட்ரோல் + சி: ஓடிக்கொண்டிருக்கும் கட்டளையை நிறுத்தும். மற்ற மென்பொருள்களில் இது நகலெடுக்கும் விசை. முனையத்தில் நகலெடுக்க ஷிஃப்ட் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

எங்கே இருக்கிறோம் என அறிதல்

முனையம் எப்போதும் ஏதாவது ஒரு கோப்புறைக்குள் நின்றுகொண்டிருக்கும். ‘பிடபிள்யூடி’ என்றால் அது எந்தக் கோப்புறை என்று சொல்லும். ‘எல்எஸ்’ அங்குள்ள கோப்புகளைப் பட்டியலிடும். ‘எல்எஸ் -எல்எச்’ என்றால் ஒவ்வொரு கோப்பின் அளவும் தேதியும் சேர்ந்து வரும். ‘எல்எஸ் -ஏ’ என்றால் புள்ளியில் தொடங்கும் மறைவுக் கோப்புகளும் தெரியும்.

வேறு கோப்புறைக்குள் செல்ல ‘சிடி’ என்று தட்டி, இடைவெளி விட்டு, கோப்புறையின் பெயரைத் தர வேண்டும். ‘சிடி ..’ ஒரு படி மேலே கொண்டுசெல்லும். பெயர் எதுவும் தராமல் ‘சிடி’ என்று மட்டும் தந்தால் எங்கிருந்தாலும் உங்கள் வீட்டுக் கோப்புறைக்குத் திரும்பிவிடலாம்.

கோப்பின் பெயர் தமிழில் இருக்கலாம். ஆனால் பெயருக்குள் இடைவெளி இருந்தால் கணினி அதை இரண்டு பெயர்களாக எடுத்துக்கொள்ளும். ‘அரையாண்டு மதிப்பெண்’ என்ற கோப்பை மேற்கோள் குறிகளுக்குள் தர வேண்டும். அல்லது பெயர் வைக்கும்போதே ‘அரையாண்டு_மதிப்பெண்’ என்று அடிக்கோடு இட்டுவிடலாம்.

நகல், பெயர் மாற்றம், நீக்கம்

‘சிபி’ நகலெடுக்கும். ‘எம்வி’ இடம் மாற்றும், பெயரையும் மாற்றும். இரண்டிலும் முதலில் பழைய பெயர், பிறகு புதிய பெயர். புதிய பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால், கேட்காமலேயே அதன்மேல் எழுதிவிடும். ‘சிபி -ஐ’, ‘எம்வி -ஐ’ என்று தந்தால் மேலெழுதும் முன் அனுமதி கேட்கும்.

‘ஆர்எம்’ கோப்பை நீக்கும். இப்படி நீக்கிய கோப்பு குப்பைத் தொட்டிக்குப் போகாது. மீட்பது மிகக் கடினம். எனவே பின்வரும் ஒழுங்கு உதவும்.

1. நீக்க நினைக்கும் அதே பெயர் அமைப்பை முதலில் ‘எல்எஸ்’ உடன் தருக. எடுத்துக்காட்டாக, டிஎக்ஸ்டி வகைக் கோப்புகள் அனைத்தையும் நீக்க வேண்டுமானால் முதலில் ‘எல்எஸ் *.டிஎக்ஸ்டி’.
2. திரையில் வந்த பட்டியலை ஒவ்வொரு பெயராகப் படிக்கவும்.
3. சரி என்றால் மேல் அம்புக்குறியை அழுத்தி, ‘எல்எஸ்’ என்பதை மட்டும் ‘ஆர்எம் -ஐ’ என மாற்றவும். ஒவ்வொரு கோப்புக்கும் அனுமதி கேட்டே நீக்கும்.

நட்சத்திரக் குறி ‘எதுவாக இருந்தாலும்’ என்று பொருள்படும். நட்சத்திரத்துக்கும் புள்ளிக்கும் நடுவே தவறி ஓர் இடைவெளி விழுந்தால், அக்கோப்புறையில் உள்ள எல்லாக் கோப்புகளையும் நீக்கு என்று பொருளாகிவிடும். முதலில் ‘எல்எஸ்’ தந்து பார்த்தவருக்கு இப்பிழை அங்கேயே தெரிந்துவிடும். ‘ஆர்எம் -ஆர்எஃப்’ என்பது கோப்புறையை அதற்குள் உள்ளவற்றுடன் சேர்த்து, எதையும் கேட்காமல் அழிக்கும். யாரோ அனுப்பிய செய்தியில் இக்கட்டளை இருந்தால் அதை முனையத்தில் ஒட்ட வேண்டாம்.

பிழைச் செய்திகளைப் படித்தல்

சிவப்பாகவோ ஆங்கிலத்திலோ ஏதேனும் வந்தவுடன் சாளரத்தை மூடிவிடும் மாணவர்கள் உண்டு. பெரும்பாலும் வரும் செய்திகள் மூன்றுதான்.

• ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’: கட்டளையின் பெயரில் எழுத்துப் பிழை உள்ளது, அல்லது அம்மென்பொருள் நிறுவப்படவில்லை.
• ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’: நீங்கள் சொன்ன பெயரில் அங்கே கோப்பு இல்லை. ‘பிடபிள்யூடி’, ‘எல்எஸ்’ இரண்டையும் தந்தால் காரணம் விளங்கும். பெரும்பாலும் வேறு கோப்புறையில் நின்றிருப்பீர்கள்.
• ‘பெர்மிஷன் டினைட்’: அக்கோப்பைத் தொட உங்களுக்கு அனுமதி இல்லை.

எந்தச் செய்தியும் வராமல் டாலர் குறி மட்டும் திரும்ப வந்தால், பொதுவாக வேலை நல்லபடி முடிந்தது என்று பொருள்.

நிர்வாகி அதிகாரம்: சுடோ

மென்பொருள் நிறுவுதல், இயக்குதளக் கோப்புகளை மாற்றுதல் போன்றவற்றுக்கு நிர்வாகி அதிகாரம் வேண்டும். கட்டளைக்கு முன்னால் ‘சுடோ’ (எஸ், யூ, டி, ஓ) சேர்த்தால் அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் அதிகாரம் கிடைக்கும். கடவுச்சொல் கேட்கும், தட்டும்போது பல கணினிகளில் திரையில் நட்சத்திரம்கூடத் தெரியாது. விசைப்பலகை பழுது என்று நினைக்க வேண்டியதில்லை. தட்டி முடித்து என்டர் அழுத்தினால் போதும்.

சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு மருந்தை ஏன் தனி அறையில், சிறிது சிறிதாக, குறைந்த ஆட்களை வைத்துக் கலக்க வேண்டும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தவறு நேர்ந்தாலும் அது அந்த அறையோடு நிற்க வேண்டும் என்பதே நோக்கம். ‘சுடோ’வும் அந்த எண்ணத்தில் அமைந்ததுதான். எப்போதும் நிர்வாகியாகவே இருந்தால் ஒரு சிறு பிழை முழு இயக்குதளத்தையும் கெடுக்கும். சாதாரணப் பயனராக இருந்தால் அப்பிழை உங்கள் கோப்புறைக்குள் அடங்கிவிடும்.

‘பெர்மிஷன் டினைட்’ வந்தவுடன் யோசிக்காமல் ‘சுடோ’ சேர்ப்பது தவறான பழக்கம். சொந்தக் கோப்புறையில் ‘சுடோ’வுடன் உருவாக்கும் கோப்பு நிர்வாகியின் பெயரில் பதிவாகும், பிறகு உங்களாலேயே அதைத் திருத்த முடியாது. இணையத்தில் கிடைக்கும் ‘சுடோ’ வரிகளையும் பொருள் அறியாமல் ஒட்டக் கூடாது. ஒரு முகவரியிலிருந்து எதையோ இறக்கி நேரே நிர்வாகி அதிகாரத்துடன் இயக்கும் வரிகளில் கூடுதல் கவனம் வேண்டும்.

டெபியன், உபுண்டு, பாஸ் ஆகியவற்றில் மென்பொருள் நிறுவ உதவும் கட்டளை ‘ஏபிடி’. ‘சுடோ ஏபிடி அப்டேட்’ என்பது எந்தெந்தப் புதிய பதிப்புகள் வந்துள்ளன என்ற பட்டியலை மட்டுமே கொண்டுவரும். ‘சுடோ ஏபிடி அப்கிரேட்’ தந்தால்தான் அவை நிறுவப்படும். ‘ஏபிடி -எஸ் அப்கிரேட்’ எதையும் மாற்றாமல், என்ன செய்யப் போகிறது என்று மட்டும் காட்டும். கைப்பேசி இணையத்தைப் பகிர்ந்து பயன்படுத்துவோர் முன்கூட்டியே திட்டமிட இது உதவும்.

வன்தட்டு நிரம்பினால்

பழைய கணினி மெதுவாவதற்கு ஒரு காரணம் இடப் பற்றாக்குறை. ‘டிஎஃப் -எச்’ ஒவ்வொரு வட்டிலும் எவ்வளவு நிரம்பியுள்ளது என்பதை விழுக்காட்டில் காட்டும். எந்தக் கோப்புறை இடத்தைப் பிடித்துள்ளது என்று அறிய ‘டியூ -எஸ்எச் *’ தர வேண்டும். இதன் விடையை அளவுப்படி அடுக்க, வரியின் முடிவில் ஒரு செங்குத்துக் கோடு | இட்டு, ‘சார்ட் -எச்’ (எஸ், ஓ, ஆர், டி) என்று சேர்க்கலாம். பெரியவை பட்டியலின் அடியில் வரும்.

அந்தச் செங்குத்துக் கோட்டுக்கு ‘பைப்’ அல்லது குழாய் என்று பெயர். ஒரு கட்டளை தரும் விடையை அடுத்த கட்டளைக்குள் அது செலுத்தும். டக்ளஸ் மெக்கில்ராயின் யோசனையின்படி 1973-இல் யூனிக்ஸில் இது சேர்க்கப்பட்டது. சிறிய கருவிகளைக் கோத்துப் பெரிய வேலையைச் செய்ய முடிவது இதனால்தான்.

‘டியூ -எஸ்எச் *’ மறைவுக் கோப்புறைகளைக் கணக்கிடாது. குப்பைத் தொட்டியும் உலாவியின் சேமிப்பும் பெரும்பாலும் மறைவில்தான் இருக்கும். எனவே முதலில் குப்பைத் தொட்டியைக் காலி செய்க. பிறகு ‘சுடோ ஏபிடி கிளீன்’ (சி, எல், இ, ஏ, என்) தந்தால், மென்பொருள் நிறுவியபோது இறங்கிச் சேர்ந்த பொதிகள் நீங்கும்.

நினைவகத்தைப் பார்க்க ‘ஃப்ரீ -எச்’ (எஃப், ஆர், இ, இ). அதில் ‘ஃப்ரீ’ என்ற பத்தியில் சிறிய எண்ணைக் கண்டு பயப்பட வேண்டாம். சும்மா இருக்கும் நினைவகத்தை லினக்ஸ் தற்காலிகச் சேமிப்புக்குப் பயன்படுத்திக்கொள்ளும்; தேவைப்படும்போது விட்டுக்கொடுக்கும். ‘அவைலபிள்’ என்ற பத்தியே உண்மை நிலவரம்.

தமிழ் உரைக் கோப்புகளில் தேடல்

ஒரு வகுப்பின் மாணவர் பட்டியல் ‘மாணவர்.சிஎஸ்வி’ என்ற கோப்பில் உள்ளதாகக் கொள்வோம். ஒவ்வொரு வரியிலும் பெயர், வகுப்பு, ஊர் என்று காற்புள்ளியால் பிரிக்கப்பட்டுள்ளது. சாத்தூரிலிருந்து வருவோரைத் தேட ‘கிரெப் சாத்தூர் மாணவர்.சிஎஸ்வி’ என்று தர வேண்டும். கிரெப் என்பது ஜி, ஆர், இ, பி. ‘-என்’ சேர்த்தால் வரி எண்ணும், ‘-சி’ சேர்த்தால் எத்தனை வரிகள் என்ற எண்ணிக்கையும் கிடைக்கும்.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு நுட்பம் உள்ளது. ‘சாத்தூர்’ என்று தேடினால் ‘சாத்தூரில்’, ‘சாத்தூருக்கு’ என்பவை அகப்படா. முதல் சொல்லின் இறுதியில் ரகர மெய். மற்றவற்றில் ரி, ரு. புள்ளியை நீக்கி ‘சாத்தூர’ என்று தேடினால் மூன்றும் கிடைக்கும். ஏனெனில் கணினி ‘ர்’ என்பதை ர, புள்ளி என இரண்டு குறிகளாகவும், ‘ரி’ என்பதை ர, இகரக் குறி என இரண்டு குறிகளாகவும் சேமிக்கிறது. ‘ர’ எல்லாவற்றுக்கும் பொது. வேற்றுமை உருபு ஏற்கும் சொற்களைத் தேடும்போது இறுதிப் புள்ளியை விட்டுவிடுவது நல்லது. ‘மரம்’ போன்று வடிவமே மாறும் சொற்களுக்கு ‘மர’ வரை மட்டும் தந்து, வரும் வரிகளைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

எழுத்துகளை எண்ணும் ‘டபிள்யூசி’ கட்டளையிலும் இதே செய்திதான். ‘அம்மா’ என்பது இலக்கணப்படி மூன்று எழுத்து. ‘டபிள்யூசி -எம்’ அதை ஐந்து என்று எண்ணும்: அ, ம, புள்ளி, ம, துணைக்கால். ‘டபிள்யூசி -சி’ பைட் கணக்கில் 15 என்று சொல்லும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள். கோப்பில் வரி முடிவுக் குறி இருந்தால் ஒன்று கூடும். எனவே கட்டுரைப் போட்டிக்கு எழுத்தெண்ணிக்கை பார்க்க இக்கட்டளை உதவாது. சொற்களை எண்ணும் ‘டபிள்யூசி -டபிள்யூ’ உதவும்.

அகரவரிசையும் கவனத்துக்குரியது. யூனிகோடு அட்டவணையில் ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற, ல-வை அடுத்து ள, ழ, வ என எழுத்துகள் வைக்கப்பட்டுள்ளன. புள்ளியோ உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் இருக்கிறது. குறி எண்ணின்படி மட்டும் அடுக்கினால் ‘பவளம்’ என்பதற்கு முன் ‘பள்ளி’ வரும்; ‘பக்கம்’ என்பதற்கு முன் ‘பகல்’ வரும். நம் அகராதி வரிசை இதற்கு நேர்மாறு. ‘சார்ட்’ எந்த வரிசையைப் பின்பற்றும் என்பது கணினியின் மொழி அமைப்பைப் பொறுத்தது. இந்த நான்கு சொற்களையும் ஒரு கோப்பில் எழுதி அடுக்கிப் பார்த்தால், உங்கள் கணினியின் வரிசையை நம்பலாமா என்று ஒரு நிமிடத்தில் தெரியும்.

ஊர்வாரியாக எண்ணிக்கை எடுக்க மூன்று கட்டளைகளைக் குழாயால் இணைக்கலாம்: ‘கட் -டி, -எஃப்3 மாணவர்.சிஎஸ்வி | சார்ட் | யூனிக் -சி’. கட் என்பது சி, யூ, டி. யூனிக் என்பது யூ, என், ஐ, கியூ. முதலாவது மூன்றாம் பத்தியான ஊரை மட்டும் வெட்டி எடுக்கும். இரண்டாவது ஒரே ஊர்ப் பெயர்களை அடுத்தடுத்து வைக்கும். மூன்றாவது எண்ணும். திருத்தங்கல், வெம்பக்கோட்டை, சாத்தூர் என ஒவ்வொன்றுக்கும் முன் எண் வந்துவிடும். ‘இராஜபாளையம்’, ‘ராஜபாளையம்’ என இரு வகையாக எழுதியிருந்தால் இரண்டு ஊர்களாகவே காட்டும். பட்டியலில் உள்ள இத்தகைய முரண்களைக் கண்டுபிடிக்கவும் இது நல்ல வழி.

சில முனையங்களில் கொ, கோ போன்ற எழுத்துகள் சிதறித் தெரியலாம். அது திரையில் காட்டுவதில் உள்ள குறை; கோப்பு கெடவில்லை.

பழைய குறியாக்கக் கோப்புகள்

யூனிகோடு பரவும் முன் தமிழில் பல குறியாக்கங்கள் இருந்தன. தமிழ்நாடு அரசு 2010-இல்தான் யூனிகோடைத் தரமாக ஏற்றது. அதற்கு முந்தைய மடல்களும் அழைப்பிதழ்களும் ஆண்டு மலர்களும் இன்று திறந்தால் புரியாத எழுத்துகளாகத் தெரியலாம். அவை டிஸ்கி குறியாக்கத்தில் இருந்தால் லினக்ஸிலேயே மருந்து உள்ளது: ‘ஐகான்வ் -எஃப் டிஸ்கி -டி யூடிஎஃப்-8 பழையது.டிஎக்ஸ்டி > புதியது.டிஎக்ஸ்டி’. ஐகான்வ் என்பது ஐ, சி, ஓ, என், வி. டிஸ்கி என்பது டி, எஸ், சி, ஐ, ஐ. இதையும் யூடிஎஃப் என்பதையும் மட்டும் பெரிய எழுத்தில் தருவது வழக்கம்.

> குறி, விடையைத் திரைக்குப் பதில் கோப்பில் எழுதச் சொல்கிறது. இரு பக்கமும் ஒரே பெயரைத் தரக் கூடாது. கணினி முதலில் அக்கோப்பை வெறுமையாக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும்; உள்ளே இருந்ததெல்லாம் போய்விடும். எப்போதும் புதிய பெயரில் எழுதி, திறந்து பார்த்து, பிறகே பழையதை என்ன செய்வது என்று முடிவு செய்க.

பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சிட்டவற்றுக்கு ‘ஐகான்வ்’ உதவாது. அவை ஆங்கிலக் குறிகளுக்குத் தமிழ் வடிவம் போர்த்தியவை. அவற்றை மாற்ற, ‘ஓப்பன்-தமிழ்’ என்ற கட்டற்ற பைத்தான் நிரலகத்தில் வசதி உள்ளது.

நாட்காட்டியும் அச்சுக் கோப்புகளும்

சிவகாசியின் தொழில்களில் அச்சும் ஒன்று. ஆடிப்பெருக்கை ஒட்டி அடுத்த ஆண்டு நாட்காட்டிகளின் மாதிரிகள் அங்கே வெளிவரும். கிழமைகளைச் சரிபார்க்க ‘கேல்’ (சி, ஏ, எல்) என்ற சிறு கட்டளை போதும். ‘கேல் 2026’ முழு ஆண்டையும் காட்டும். ‘கேல் 8 1947’ தந்தால் விடுதலை நாள் வெள்ளிக்கிழமை என்று தெரியும். ‘கேல் 2 2100’ தந்தால் அவ்வாண்டு நெட்டாண்டு அன்று என்பது விளங்கும்.

‘கேல் 9 1752’ தந்து பாருங்கள். செப்டம்பர் 2-ஐ அடுத்து நேராக 14 வரும். பிரிட்டன் அந்த மாதத்தில்தான் ஜூலியன் முறையை விட்டுக் கிரிகோரியன் முறைக்கு மாறியது. 11 நாள்கள் விடப்பட்டன. வரலாற்று மாணவருக்கு இது சுவையான பாடம். தமிழ் மாதமும் முகூர்த்தமும் இதில் வாரா. அவற்றுக்குப் பஞ்சாங்கமே வேண்டும். டெபியனில் இக்கட்டளை இல்லையென்றால் ‘சுடோ ஏபிடி இன்ஸ்டால் என்கேல்’ தந்து நிறுவலாம். என்கேல் என்பது என், சி, ஏ, எல்.

பல பிடிஎஃப் கோப்புகளை ஒன்றாக்க இணையதளங்களில் ஏற்றத் தேவையில்லை. மதிப்பெண் சான்று, ஆதார் நகல் போன்றவற்றை முன்பின் தெரியாத தளத்தில் ஏற்றுவது நல்லதும் அன்று. ‘பிடிஎஃப்யுனைட்’ (பிடிஎஃப் என்பதுடன் யூ, என், ஐ, டி, இ) என்று தட்டி, சேர்க்க வேண்டிய கோப்புகளை வரிசையாகத் தந்து, கடைசியில் புதிய கோப்பின் பெயரைத் தர வேண்டும். அந்தக் கடைசிப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இல்லை என்பதை ‘எல்எஸ்’ மூலம் பார்த்துக்கொள்க.

காப்பு நகல்

கோப்புறையைப் பென் டிரைவில் காப்பு எடுக்க ‘ஆர்சிங்க்’ (ஆர், எஸ், ஒய், என், சி) சிறந்தது. முதல் முறை முழுவதும் நகலாகும். அடுத்த முறை மாறியவை மட்டும் நகலாகும். ‘ஆர்சிங்க் -ஏவிஎன்’ என்று தந்து, எடுக்கும் கோப்புறை, சேர்க்கும் கோப்புறை இரண்டையும் தருக. இறுதியில் உள்ள ‘என்’ காரணமாக எதுவும் நகலாகாது. எவை நகலாகும் என்ற பட்டியல் மட்டும் வரும். சரியென்றால் அந்த எழுத்தை நீக்கி மீண்டும் தருக. எடுக்கும் கோப்புறையின் பெயருக்குப் பின் சாய்கோடு / இருந்தால் உள்ளே இருப்பவை மட்டும் நகலாகும். இல்லாவிட்டால் கோப்புறையே நகலாகும்.

பென் டிரைவைப் பிடுங்கும் முன் ‘சிங்க்’ (எஸ், ஒய், என், சி) என்று தந்து, டாலர் குறி திரும்ப வரும் வரை பொறுத்திருங்கள். எழுதப்படாமல் நிற்கும் தரவு அதற்குள் எழுதப்பட்டுவிடும். பிறகு கோப்பு மேலாளரில் பாதுகாப்பாக வெளியேற்றி எடுக்கலாம்.

உதவி பெறுதல்

எந்தக் கட்டளைக்கும் விளக்கம் கணினிக்குள்ளேயே உள்ளது, இணையம் வேண்டியதில்லை. ‘மேன் எல்எஸ்’ என்றால் அதன் கையேடு திறக்கும். மேன் என்பது எம், ஏ, என். வெளியேற கியூ விசை. கையேடு நீளமாகத் தோன்றினால் கட்டளைக்குப் பின் ‘--ஹெல்ப்’ சேர்த்தால் சுருக்கம் கிடைக்கும். தமிழில் படிக்க விரும்புவோருக்கு, 2012 முதல் வரும் கணியம் மின்னிதழில் கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகளும் இலவச நூல்களும் உள்ளன.

பயிற்சி

மாணவர்கள் ‘பயிற்சி’ என்ற பெயரில் ஒரு புதிய கோப்புறையை ‘எம்கேடிஐஆர் பயிற்சி’ என்று தந்து உருவாக்கி, அதற்குள் மட்டும் பழகலாம். அங்கே எதை அழித்தாலும் இழப்பில்லை.

1. வகுப்புத் தோழர் பத்துப் பேரின் பெயரையும் ஊரையும் ஒரு கோப்பில் எழுதி, ஊர்வாரியாக எண்ணுக. இரண்டே பத்திகள் என்பதால் ‘-எஃப்2’ தர வேண்டும்.
2. அக்கோப்பை மூன்று பெயர்களில் நகலெடுத்து, இரண்டை மட்டும் ‘எல்எஸ்’ மூலம் பார்த்துவிட்டு நீக்குக.
3. நீங்கள் பிறந்த நாளின் கிழமையை ‘கேல்’ மூலம் கண்டுபிடிக்க.
4. ‘ஹிஸ்டரி’ (எச், ஐ, எஸ், டி, ஓ, ஆர், ஒய்) என்று தந்து, இதுவரை இட்ட கட்டளைகளின் பட்டியலைப் பெறுக. பயன்பட்டவற்றை ஒரு நாற்பது பக்க நோட்டில், ‘எதற்காக’ என்ற விளக்கத்துடன் எழுதி வைக்க.

நான்காவது பயிற்சியைத் தொடர்ந்து செய்பவருக்கு ஓரிரு மாதங்களில் தமக்கென ஒரு கையேடு சேர்ந்துவிடும். அதே வரிகளை ஓர் உரைக் கோப்பில் வரிசையாக எழுதி ‘பாஷ்’ (பி, ஏ, எஸ், எச்) என்ற கட்டளையுடன் அக்கோப்பின் பெயரைத் தந்தால், அவை ஒன்றன்பின் ஒன்றாக இயங்கும். அதற்கு ‘ஸ்கிரிப்ட்’ என்று பெயர். நிரலாக்கத்தின் முதல் படி அது.